இன்டர்நேஷனல் ஸ்கூலில் இடம் கேட்கும் முன்: எல்கேஜி விண்ணப்பத்தை பிளஸ் டூவிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலின் அட்மிஷன் மேஜையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் தீபாவளி முடிந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பையனுக்கு அடுத்த வருஷம் எல்கேஜி. இன்டர்நேஷனல்ல போடலாம்னு இருக்கோம். எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?"

நான் பள்ளியின் பெயரைச் சொல்வதில்லை. "பிளஸ் டூ எழுதுறப்போ அவன் எந்தப் பரீட்சை எழுதணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி இப்படிக் கேட்டால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். டாக்டரா, என்ஜினியரா என்று இன்றைக்கே முடிவு பண்ணச் சொல்லவில்லை. நீங்கள் சேர்க்கும் பாடத்திட்டம் பதினான்கு வருடம் கழித்து எந்த வழியை எளிதாக்கும், எந்த வழியைக் கடினமாக்கும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள் என்கிறேன். அது தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் வந்து தவித்த பெற்றோர்களை அந்த மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. விண்ணப்பப் படிவம் நடுவில் வரும்.

பெயர்ப் பலகையை நம்பாதீர்கள்

பெயரில் "இன்டர்நேஷனல்" இருப்பதற்கும் உள்ளே நடக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெயரோடு இருக்கும் பள்ளிகளில் நிறைய, சிபிஎஸ்இ பள்ளிகள். அதில் தவறு ஒன்றும் இல்லை, நல்ல பள்ளிகளும் அவற்றில் உண்டு. ஆனால் வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று நினைத்துக்கொண்டு அதற்கான பணத்தைக் கட்டக் கூடாது, இல்லையா? முதல் போனிலேயே இப்படிக் கேளுங்கள்: "உங்க பிள்ளைங்க பத்தாவதுல எந்த போர்டு எக்ஸாம் எழுதுறாங்க? பன்னிரண்டாவதுல எது?" இந்த இரண்டு கேள்விக்கும் நேரடியான பதில் வரவேண்டும். "இன்டர்நேஷனல் மெத்தடாலஜி", "கேம்பிரிட்ஜ் பேட்டர்ன்" என்றெல்லாம் பதில் வந்தால், மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள்.

உண்மையான வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். சின்ன வகுப்புகளுக்கு கேம்பிரிட்ஜ் பிரைமரி, பத்தாம் வகுப்புக்கு இணையாக ஐஜிசிஎஸ்இ, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ஏஎஸ் மற்றும் ஏ லெவல். இன்னொன்று ஐபி என்று எல்லோரும் சொல்லும் இன்டர்நேஷனல் பக்கலாரியட். 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதில் மூன்று வயதிலிருந்து பிஒய்பி, நடுவில் எம்ஒய்பி, கடைசி இரண்டு வருடம் டிப்ளமா புரோகிராம். நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. 1901இல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976லேயே ஐபி டிப்ளமாவைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

பல பள்ளிகள் கலந்து நடத்துகின்றன. ஐந்தாவது வரை பிஒய்பி, பிறகு கேம்பிரிட்ஜ், கடைசியில் மறுபடி ஐபி டிப்ளமா என்று இருக்கும். இது சாதாரணம்தான். ஆனால் மேல் வகுப்புகள் இன்னும் தொடங்காத பள்ளியாக இருந்தால் கவனம். ஐபியில் அங்கீகாரம் பெற்ற பள்ளி வேறு, அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் "கேண்டிடேட் ஸ்கூல்" வேறு. பிஒய்பிக்கு வாங்கிய அங்கீகாரம் டிப்ளமாவுக்குச் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டின் இணையதளத்திலும் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. பத்து நிமிட வேலை. விளம்பரத்தில் இருப்பது அங்கே இல்லை என்றால், அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்.

வெளியே போகும் வழி

நான் வேலையில் இருந்தபோது ஓர் அப்பா வந்தார். வேறொரு பள்ளியிலிருந்து மகளைப் பதினொன்றாம் வகுப்பில், ஐபி டிப்ளமாவில் சேர்க்க வேண்டும் என்றார். பேச்சு வாக்கில், "அவளுக்கு எம்பிபிஎஸ்தான் மேடம், இங்கதான், தமிழ்நாட்டுலதான்" என்றார். பாடத் தேர்வுத் தாளை அவர் முன்னால் வைத்தேன். டிப்ளமாவில் ஆறு பாடம். தாய்மொழியாகப் படிக்கும் மொழி ஒன்று, இரண்டாவது மொழி ஒன்று, சமூக அறிவியல் பாடம் ஒன்று, அறிவியல் ஒன்று, கணக்கு ஒன்று. ஆறாவது இடத்தில் கலைப் பாடம், அல்லது அதற்குப் பதிலாக இன்னோர் அறிவியல். அந்த ஆறாவது கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இயற்பியல், வேதியியல் எடுத்தாச்சு. அப்போ உயிரியல் எங்க போகும்?" என்று கேட்டார். வழக்கமான அமைப்பில் அதற்கு இடமில்லை.

நீட் வழியாகப் போக இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைக் காட்டி, வழக்கத்துக்கு மாறான பாடச் சேர்க்கைக்குப் பள்ளி முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். ஆனால் பள்ளி கேட்டால்தான் நடக்கும். மூன்று அறிவியலுக்கும் கால அட்டவணை ஒத்துவர வேண்டும், ஆசிரியர்கள் இருக்க வேண்டும். எனவே டாக்டர் ஆசை வீட்டில் கொஞ்சமாவது இருந்தால், "கடந்த வருடங்களில் மூன்று அறிவியல் எடுத்துப் படித்த மாணவர்கள் உங்களிடம் இருந்தார்களா?" என்று சேரும்போதே கேளுங்கள். இன்னொன்று, நீட் தேர்வின் பாடப் பரப்பு, சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது. ஐபி, ஏ லெவல் பிள்ளைகள் அதற்குத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். கேம்பிரிட்ஜில் பாடச் சேர்க்கை கொஞ்சம் தளர்வு. மூன்று அறிவியலையும் ஏ லெவலில் எடுப்பதில் சிக்கல் குறைவு.

அடுத்தது ரிசல்ட் வரும் தேதி. இதை எந்தப் பள்ளியின் கையேட்டிலும் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. ஐபி மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். கேம்பிரிட்ஜ் ஜூன் தொகுப்பின், அதாவது ஜூன் தேர்வுச் சுற்றின், ஏ லெவல் முடிவு ஆகஸ்டில். நம் ஊர்க் கல்லூரிகளில் சேர்க்கை மே மாதமே சூடு பிடித்துவிடும். அதற்காகத்தான் கேம்பிரிட்ஜ் இந்தியாவுக்கென்று தனியாக மார்ச் தொகுப்பு ஒன்றை நடத்துகிறது, அதன் முடிவு மே மாதம் வந்துவிடும். பள்ளி மார்ச்சில் எழுத வைக்கிறதா, ஜூனில் எழுத வைக்கிறதா என்று கேட்டு வையுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இது பெரிதாகத் தெரியாது. உள்ளூரில் சேர நினைக்கும் பிள்ளைக்கு ஒரு சீட்டே இதில் போகலாம்.

வெளிநாட்டு போர்டில் படித்தவர்களிடம் கல்லூரிகள் சமநிலைச் சான்றிதழ் கேட்பதுண்டு. தில்லியில் இருக்கும் ஏஐயூ, அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம், அதைக் கொடுக்கிறது. எந்த எந்தப் பாடம், எந்த கிரேடு இருந்தால் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்பார்கள் என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பாடம் தேர்ந்தெடுக்கும் வருடத்தில் அந்த விதியை ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நடுவில் திரும்பி வர நேர்ந்தால்? வேலை மாறும், சொந்த ஊருக்குப் போக நேரும், பணம் முடியாமல் போகும், எதுவும் நடக்கலாம். எட்டாம் வகுப்பு வரை மாறுவது எளிது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வேறு போர்டிலிருந்து வருபவரை சிபிஎஸ்இ பொதுவாக நேரடியாகச் சேர்க்காது. எனவே ஒன்பதாவதுக்கு முன்னால் மாறுங்கள், இல்லாவிட்டால் பத்தை முடித்துப் பதினொன்றில் மாறுங்கள். ஐஜிசிஎஸ்இ முடித்து இந்திய போர்டில் பிளஸ் ஒன் சேர்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி: ஐஜிசிஎஸ்இ கணக்கில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு நிலை உண்டு. கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. குழந்தை சிரமப்படுகிறதே என்று ஒன்பதாவதில் கோருக்கு மாற்றிவிட்டு, பிறகு கணக்கு குரூப்புக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். மாற்றுவதற்கு முன் பள்ளி உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசுவார்களா என்று கேளுங்கள்.

பணம்: முதல் வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள்

எல்கேஜி ஃபீஸைக் கேட்டுவிட்டு, "சமாளிச்சிடலாம்" என்று முடிவு செய்பவர்கள்தான் அதிகம். ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். எல்கேஜியில் வருடம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10 சதவீதம் ஏறினால் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு வருட ஃபீஸ் மட்டும் 13.8 லட்சம். எல்கேஜி முதல் பன்னிரண்டு வரை பதினான்கு வருடத்துக்கும் கூட்டினால் ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம். 8 சதவீதம்தான் ஏறுகிறது என்றாலும் 97 லட்சத்தைத் தொடும். இதில் பஸ்ஸும் சாப்பாடும் சேரவில்லை. மேல் வகுப்பில் வழக்கமான ஏற்றத்தோடு தனியாக ஒரு தாவலும் இருக்கும், ஐந்திலிருந்து ஆறுக்கு, பத்திலிருந்து பதினொன்றுக்கு. எனவே எல்லா வகுப்புகளுக்கும் இந்த வருட ஃபீஸ் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடந்த மூன்று வருடத்தில் எவ்வளவு ஏறியது என்பதையும் கேளுங்கள். இரண்டாவது குழந்தை இருந்தால் கணக்கை இரண்டால் பெருக்குங்கள், அண்ணன் தங்கைக்கான தள்ளுபடி எதில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பட்டியலில் திரும்பி வரும் பணமும் வராத பணமும் கலந்திருக்கும். விண்ணப்பக் கட்டணம் வராது. ஒரே முறை கட்டும் சேர்க்கைக் கட்டணமும் பெரும்பாலும் வராது. காஷன் டெபாசிட் என்பது பள்ளியை விட்டுப் போகும்போது வரவேண்டியது. எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் வரும் என்ற நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள், ஒரு டெர்ம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று சில இடங்களில் இருக்கும். பத்திலும் பன்னிரண்டிலும் போர்டுக்குக் கட்டும் தேர்வுக் கட்டணம் தனி. அது மொத்த ஃபீஸில் அடங்குமா என்று எல்கேஜியில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

டொனேஷன் என்று ரசீது இல்லாமல் கேட்டால் கொடுக்காதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கேப்பிடேஷன் கட்டணத்தை, அதாவது பள்ளி அறிவித்த ஃபீஸுக்கு மேல் வாங்கும் நன்கொடையை, தடை செய்கிறது. வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். எதைக் கட்டினாலும் பள்ளியின் கணக்கில் கட்டுங்கள், எதற்காக என்று எழுதிய ரசீதை வாங்குங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், 80சி என்று நாம் பழகிய வரிக் கழிவில் இரண்டு குழந்தைகளின் டியூஷன் ஃபீஸைக் காட்டலாம், மற்றச் சேமிப்புகளையும் சேர்த்து மொத்தம் 1.5 லட்சம்தான் வரம்பு. டியூஷன் ஃபீஸ் என்று தனியாகப் பிரித்த ரசீது இருந்தால்தான் அதுவும்.

எப்போது, எந்த வயதில்

ஜூனில் தொடங்கும் பள்ளிகளும் உண்டு, ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகளும் உண்டு. சேர்க்கை பெரும்பாலும் முந்தைய வருடம் அக்டோபர் வாக்கில் தொடங்கிவிடும். எல்கேஜிக்கும் ஆறாம் வகுப்புக்கும்தான் கூட்டம். நடு வகுப்புகளில் யாராவது ஊர் மாறினால் இடம் காலியாகும், அது எந்த மாதத்திலும் நடக்கும். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தால் ஏப்ரல் கடைசியில் ஒரு முறையும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு முறையும் போன் செய்யுங்கள். பணம் கட்டியும் வராதவர்களின் இடம் அந்த வாரத்தில்தான் தெரியவரும்.

வயது விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் 3 முடிந்தால் எல்கேஜி, 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு என்பதே பழக்கம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 என்கிறது, கேந்திரிய வித்யாலயாக்களில் 2022 முதல் அப்படித்தான். வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகள் தங்களுக்கென்று ஒரு தேதி வைத்திருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிறந்த குழந்தை என்றால் ஒரே குழந்தை ஒரு பள்ளியில் எல்கேஜி, இன்னொன்றில் ப்ரீகேஜி என்று வரலாம். அவசரப்பட்டு மேல் வகுப்பைக் கேட்டு வாங்காதீர்கள். ஆறு மாதம் சின்னவனாக வகுப்பில் உட்காரும் குழந்தையின் சிரமம் எல்கேஜியில் தெரியாது, மூன்றாவதில் எழுத்து வேலை கூடும்போது தெரியும்.

பேப்பர் வேலையில் பெயர்தான் பாதிச் சிக்கல்

கேட்கும் ஆவணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, புகைப்படங்கள், பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, இருந்தால் பாஸ்போர்ட். மேல் வகுப்பு என்றால் கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு, பழைய பள்ளியின் டிசி. சில பள்ளிகள் பழைய வகுப்பு ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பைக் கேட்கும். அதை அவர் நேராகப் பள்ளிக்கு அனுப்புவார், உங்களிடம் தரமாட்டார். அந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே போய் மரியாதையாகச் சொல்லி வையுங்கள். ஆதார் கேட்பார்கள், இருந்தால் கொடுக்கலாம். இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதில் பிறப்புச் சான்றிதழ்தான் ஆணிவேர். 2023 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கு அது ஒன்றே சான்று. ஒரு தடவை ஓர் அம்மா, விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்து நீட்டினார். தேதி இருந்தது, மருத்துவமனை இருந்தது, அப்பா அம்மா பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிந்தது, பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. மூன்று வருடமாக அதைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் வீட்டுச் சான்றிதழை இன்றைக்கு ராத்திரியே எடுத்துப் பாருங்கள். பிறந்த 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடும், பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்கலாம்.

அப்புறம் இனிஷியல். இது நம் வீட்டுக்கே உரிய பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் வெறும் யாழினி. ஆதாரில் யாழினி கா. பாஸ்போர்ட்டில் யாழினி முதல் பெயர், அப்பா பெயர் கார்த்திக் கடைசிப் பெயர். பள்ளியின் படிவமோ முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். போதாக்குறைக்கு ழகரத்தை ஒரு காகிதத்தில் இசட் எச் போட்டும், இன்னொன்றில் வெறும் எல் போட்டும் எழுதியிருப்பார்கள். நீங்கள் அன்றைக்கு அவசரத்தில் நிரப்பும் அந்தக் கட்டம்தான் வருடங்கள் கழித்து ஐஜிசிஎஸ்இ சான்றிதழிலும் ஏ லெவல் சான்றிதழிலும் வந்து உட்காரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, நிரப்புங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், அப்பா அம்மா இரண்டு பேரும் உட்கார்ந்து பெயரின் ஆங்கில எழுத்தை ஒரு முறை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அதற்குச் சரிசெய்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

படிவத்தில் குழந்தையின் உடல்நலம், பேச்சு, கற்றல் பற்றிக் கேட்கும் பகுதியை மறைக்காமல் எழுதுங்கள். பேச்சுப் பயிற்சி நடக்கிறது, கவனக் குறைவு இருக்கிறது, எழுத்து தடுமாறுகிறது என்று எழுதினால் இடம் கிடைக்காதோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. மறைத்துச் சேர்ந்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்தில் பள்ளியிலிருந்து ஒவ்வொரு வாரமும் போன் வந்ததையும் பார்த்திருக்கிறேன். உதவி தரத் தயாராக இல்லாத பள்ளி என்று சேரும் முன்னரே தெரிந்துகொள்வது குழந்தைக்கு நல்லது. டிஸ்லெக்ஸியா சந்தேகம் இருந்தால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற இடங்களில் மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஐபி, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, அதற்கு முறையான மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

அந்த ஒரு நாள்

"இன்டராக்‌ஷன்" என்று ஒரு நாள் கூப்பிடுவார்கள். எல்கேஜி என்றால் குழந்தையை விளையாட விட்டுப் பார்ப்பார்கள், உங்களோடு தனியாகப் பேசுவார்கள். சட்டப்படி, தொடக்கக் கல்விக்கான சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ வைத்து வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதே 13ஆம் பிரிவுதான் இதையும் சொல்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஏபிசிடி எழுதச் சொல்லி மார்க் போடும் பள்ளியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தயவுசெய்து குழந்தையை அதற்காக வீட்டில் தயார் செய்யாதீர்கள். ஒரு சின்னப் பெண் உள்ளே வந்ததும், யாரும் கேட்காமலே, "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து, அப்பா பெயர், வீட்டு முகவரி, பிடித்த பழம் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிறகு ஆசிரியை ஒரு மரக் கட்டையைக் கையில் கொடுத்து, "இதை வெச்சு என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அவள் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். மனப்பாடம் செய்ததில் அந்தக் கேள்வி இல்லை. அவள் உதடு நடுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாயே திறக்காமல் மூலையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பற்றி ஆசிரியைகள் ஒரு குறையும் சொன்னதில்லை. அம்மாவை விட்டு வர மறுத்து அழும் குழந்தையும் இயல்பான குழந்தைதான். நல்லாத் தூங்க வைத்து, வயிறு நிறையக் கொடுத்து, பழகிய உடுப்பைப் போட்டுக் கூட்டிப் போங்கள். தமிழில் பேசினால் தமிழிலேயே பேசட்டும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் கணினியில் ஒரு தேர்வு இருக்கலாம். சில பள்ளிகள் கேட் ஃபோர் என்ற தேர்வை வைக்கின்றன, சொல், எண், வடிவம், இடஞ்சார்ந்த சிந்தனை என்று நான்கு பகுதி. சில பள்ளிகளில் மேப் தேர்வு. அதில் சரியான பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். நன்றாகச் செய்யும் பிள்ளைக்கே "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றுதான் தோன்றும். அதை முன்னாலேயே சொல்லி அனுப்புங்கள், பயப்படாமல் எழுதுவார்கள்.

பெற்றோரோடு பேசும் நேரம் உங்களுக்கும் சொந்தமானது. ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருடம் இங்கே இருக்கிறார்கள், வாரத்தில் தமிழுக்கு எத்தனை பீரியட், எந்த வகுப்பு வரை தமிழ் படிக்கலாம், கடந்த வருடம் பன்னிரண்டாவது முடித்தவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள், அதில் இந்தியாவில் எத்தனை பேர். இந்தக் கேள்விகளை நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பேன். தமிழைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் பின்னால் அதற்காக வருந்துகிறார்கள், என் சொந்தக்காரப் பையனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது நீச்சல் குளத்தையும் ஆடிட்டோரியத்தையும் காட்டுவார்கள். கழிப்பறையைப் பார்க்கக் கேளுங்கள், லைப்ரரியில் புத்தகங்கள் பிள்ளைகள் எடுத்துப் படித்துக் கசங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், பஸ்ஸில் உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் இருக்கும் பள்ளிக்கு அண்ணா நகரிலிருந்து அனுப்ப நினைத்தால், காலை ஆறரை மணிக்கு ஒரு முறை நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மழை நாளில் போனால் இன்னும் நல்லது. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் பஸ் என்பது என் கணக்கில் அதிகம், பள்ளி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும்.

இடம் கிடைத்த பிறகு

கடிதம் வந்ததும் பணம் கட்ட ஐந்து நாள், ஒரு வாரம் என்று கெடு வைப்பார்கள். வேறு பள்ளியின் பதிலுக்குக் காத்திருந்தால், மின்னஞ்சலில் இன்னும் சில நாள் கேளுங்கள், பல நேரம் கொடுப்பார்கள். கட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: பள்ளி திறப்பதற்கு முன் நாங்கள் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை அடுத்த வருடம் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுக்கலாம்.

பழைய பள்ளியிலிருந்து மாறுகிறவர்கள் டிசியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். புதிய பள்ளியின் உறுதிக் கடிதமும் ரசீதும் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். டிசி வாங்கிவிட்டால் பழைய இடம் போய்விடும். வாங்கியதும் அங்கேயே நின்று, பெயர், பிறந்த தேதி, படித்த கடைசி வகுப்பு, தேர்ச்சி பெற்றார் என்ற வரி, முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். மே மாதம் அலுவலகத்தில் ஆள் குறைவு, திருத்தம் என்று போனால் இரண்டு வாரம் இழுக்கும். இரண்டு ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு அசலைப் புதிய பள்ளியில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள்.